இருபத்து மூன்றாம் எண் சாம்பல்

சாம்பல் நிற லிப்ஸ்டிக் யாருக்கும் பொருந்தாது என்பவர்களோடு எட்டு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பொருந்தாதது நிறம் இல்லை, போட்டுவிடுகிற கை. நிறத்தின் மேல் பழி போடுவது சோம்பேறிகளுக்கு வசதி.

எங்கள் கடையின் தரைத்தளம் முழுக்க அழகுப் பொருட்கள்தான். அதில் உதட்டுச் சாயப் பகுதி என்னுடையது. கூட வேலை பார்க்கும் பெண்கள் எனக்கு 'உதடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். "உதடு வந்தாச்சா?" "உதட்டுக்கு இன்னிக்கு மூட் சரியில்லடி, தள்ளியே நில்லு." மூக்கு நுனியில் கோபம் இருக்கிறவளுக்கு உதடு என்று பெயர் வைத்ததில் அவர்களுக்கு ஒரு சிரிப்பு.

கோபம் வரத்தான் செய்யும். வெளுத்த பெண் ஒருத்தி வந்து சாம்பல் கேட்டால், வெள்ளி மினுங்குகிற சாயத்தைத் தடவி அனுப்பிவிடுவார்கள். அவள் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி வீட்டுக்குப் போவாள். அவளுக்கு ரோஜா கலந்த சாம்பல் போட வேண்டும். மாநிறத்தில் தோலுக்கடியில் மஞ்சள் ஓடினால் பழுப்பு கலந்த சாம்பல் எடுக்க வேண்டும். கறுத்த பெண் வந்தாலோ, "உங்களுக்கு மெரூன் நல்லாருக்கும்" என்று பேச்சையே மாற்றிவிடுவார்கள். உண்மையில் சாம்பல் கம்பீரமாக நிற்பது கறுத்த தோலில்தான். கரி அளவுக்கு ஆழமான சாம்பலை எடு, ஓரத்தைக் கரும்பழுப்புப் பென்சிலால் கட்டு, கன்னத்தில் கொஞ்சம் செங்கல் நிறம் தேய், கீழுதட்டின் நடுவில் ஒரு பொட்டு மினுமினுப்பு வை. தெருவே திரும்பிப் பார்க்கும். நீலம் கலந்த சாம்பலை மட்டும் தொடக்கூடாது. "நம்ம உதட்டுல நீலம் நீலமாத் தெரியாதும்மா, செத்த சாம்பலாத் தெரியும்" என்று நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்வேன்.

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், என்னைவிடப் பதினோரு வயது இளைய தங்கை. அவள் பிறந்தபோது உள்ளங்கை அகலம்தான் இருந்தாள் என்பதால் பொடிசு என்று கூப்பிட ஆரம்பித்தோம், பத்தொன்பது வயதிலும் பொடிசுதான். மூன்று பேருக்கும் ஒரே நிறம், நல்ல கறுப்பு. கடையில் எனக்குப் பொருந்துகிற எதுவும் அவளுக்கும் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவருவேன்.

பொடிசுக்கு இதயத்தில் பிறவியிலேயே ஒரு கோளாறு. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் சேரக்கூடாத இடத்தில் சேர்ந்துகொள்கின்றன என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று, ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை என்ன கவனிக்க வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ஒரு பெண்ணின் முகம். பால் போல் வெளுத்த முகத்தில் உதடு மட்டும் மை கொட்டியதுபோல் நீலமாக இருந்தது. கீழே பெரிய எழுத்தில், உதடு நீலமானால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வரவும் என்று போட்டிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பொழுது விடிவதே பொடிசின் உதட்டில்தான். அம்மா ஆடைத் தொழிற்சாலையில் நிறம் சரிபார்க்கிறவள். ஒரே சாயத்தொட்டியில் முக்கியெடுத்த இரண்டு துணிகளில் ஒன்று நூலளவு வெளுத்திருந்தாலும் எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவாள். முதலாளியே அவள் கண்ணுக்குப் பயப்படுவார். அந்தக் கண்ணால் தினமும் காலையில் பொடிசை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்ப்பாள்.

"காட்டுடி."

பொடிசு மீன் மாதிரி வாயைக் குவித்து நீட்டுவாள். "நல்லாப் பாத்துக்கோ. நீலமா இருந்தா திருப்பி அனுப்பிடு, வேற பீஸ் மாத்திக்கலாம்."

"வாயப் பாரு. மூடுடி."

"காட்டுன்னும் சொல்றே, மூடுன்னும் சொல்றே. ஏதாவது ஒண்ணு சொல்லும்மா."

இப்படியே முப்பது நாள் போயிற்று. அம்மா காலையில், நான் மாலையில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நீலத்துக்காகக் காத்திருந்தோம். நீலம் வரவே இல்லை.

முப்பத்தோராம் நாள் கடையில் செயல்விளக்கம். லிப்ஸ்டிக் கம்பெனி புதிதாக மூன்று சாம்பல்கள் அனுப்பியிருந்தது, எண் இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று. வெளுப்புக்கு ஒன்று, மாநிறத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. மூன்று பெண்களை நாற்காலியில் வரிசையாக உட்கார வைத்து, கூட்டத்தின் முன்னால் நான் போட்டுக்காட்ட வேண்டும். எட்டு வருடம் நான் கத்தியதற்குக் கிடைத்த மேடை அது. முதல் நாளே விரல் நுனியில் தடவிப் பார்த்து வைத்திருந்தேன். புறங்கையில் தடவிப் பார்க்கிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். விரல் நுனியின் நிறம்தான் உதட்டுக்குக் கிட்டே வரும். இருபத்து மூன்று என் விரலில் அப்படியே பட்டாக உட்கார்ந்தது.

காலை பத்தரைக்குத் தளப் பொறுப்பாளர் ஓடிவந்தார். எதற்கெடுத்தாலும் அவசரம் அவசரம் என்று பறப்பதால் அவருக்கு 'அவசரம்' என்றே பெயர்.

"மூணாவது பொண்ணு வரலம்மா. போன எடுக்க மாட்டேங்குது. விடுங்க, ரெண்டு பேரை வச்சு முடிச்சிடலாம்."

"எந்த ரெண்டு பேரு?"

"இருக்கிற ரெண்டு பேரு. வெள்ளையும், மாநிறமும்."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மறுபடியும் கறுப்பு நாற்காலிதான் காலி. "அரை மணி நேரம் கொடுங்க சார், ஆளு வரும்" என்று சொல்லிவிட்டுப் பொடிசுக்குப் போன் செய்தேன். அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தவள் அவள்.

"உடம்பு எப்படிடி இருக்கு?"

"கொஞ்சம் அசதி. அதெல்லாம் ஒண்ணுமில்ல, வரேன்."

"அம்மா காலையில பாத்தாங்களா?"

"பாத்தாச்சு, பாஸாயாச்சு. வச்சிடு, நான் டிரஸ் மாத்தணும்."

பேருந்து நிறுத்தத்திலிருந்து வேகமாக நடந்திருக்கிறாள். வந்ததும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, நெஞ்சில் கைவைத்து மூச்சு வாங்கினாள். "ஓடி வந்தியா? அறிவிருக்கா உனக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "கூட்டம் பாக்குது, சிரி" என்றாள். சிரித்தேன்.

முதல் நாற்காலி முடிந்தது, இரண்டாவது முடிந்தது. பொடிசிடம் வந்தபோது அவள் உதட்டில் ஒரு பூச்சும் இல்லாமலேயே கொஞ்சம் மங்கலாக இருந்தது. வறண்டிருக்கிறது என்று நினைத்தேன். வறண்ட உதட்டை ஒருநாளில் எத்தனை பார்க்கிறேன். கொஞ்சம் களிம்பு தடவி, ஒற்றியெடுத்து, ஓரம் கட்டி, இருபத்து மூன்றைப் போட்டேன். கன்னத்தில் செங்கல் நிறம். கடைசியாகக் கீழுதட்டின் நடுவில் அந்தப் பொட்டு மினுமினுப்பு.

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. பொய் சொல்லவில்லை, மூன்று பேரில் அவள்தான் அழகு. ஒரு அம்மாள் தன் மகளை முன்னால் தள்ளி, "இந்தப் பொண்ணுக்குப் போட்ட மாதிரியே இவளுக்கும் போடுங்க" என்றாள். அந்த மகளும் எங்கள் நிறம். பன்னிரண்டு பேர் இருபத்து மூன்றாம் எண்ணை எழுதிக்கொண்டார்கள். அவசரம்கூட ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் இருந்ததில்லை.

பன்னிரண்டரைக்கு நாற்காலிகளைக் காலி செய்தோம். பொடிசு தலை சுற்றுகிறது என்றாள். காலையில் சாப்பிடாமல் கிளம்பியிருப்பாள் என்று திட்டிக்கொண்டே சரக்கறைக்குக் கூட்டிப்போனேன். ஜன்னல் இல்லாத அறை, அட்டைப் பெட்டிகள், ஒரு குழல்விளக்கு. ஒரு பெட்டியின் மேல் உட்கார வைத்து, எண்ணெய் தொட்ட பஞ்சால் உதட்டைத் துடைத்தேன். முதல் பஞ்சில் சாயம் வந்தது. இரண்டாவதில் கொஞ்சம் வந்தது. மூன்றாவது பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது. ஆனால் உதட்டில் சாம்பல் போகவில்லை. வாயைச் சுற்றியும் ஒரு மாதிரி வெளிறிப்போய் இருந்தது.

"அக்கா, எரியுது. எவ்வளவு நேரம் தேய்ப்பே?"

"கறை பிடிச்சிருக்குடி. போக மாட்டேங்குது."

"இருந்துட்டுப் போகட்டும் விடு. எனக்குப் பிடிச்சிருக்கு."

நான் எரிச்சலோடு பஞ்சை எறிந்தேன். எரிச்சல் முழுக்க அந்தக் கம்பெனி மேல். எட்டு வருடம் கத்திய பிறகு சரியான சாம்பல் ஒன்று அனுப்புகிறார்கள், அதுவும் கறை விடுகிறது. கம்பெனிக்கு அனுப்புகிற கருத்துத் தாளை எடுத்து அங்கேயே, அவள் எதிரிலேயே எழுதினேன்: 'இருபத்து மூன்றாம் எண் கறுத்த உதட்டில் கறை விடுகிறது. எண்ணெய் வைத்துத் துடைத்தாலும் போகவில்லை. உடனே கவனிக்கவும்.' உடனே என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

அப்போது அம்மா போன் செய்தாள். தொழிற்சாலையில் மதிய இடைவேளை.

"அவ அங்க வந்திருக்காளாமே? உதட்டப் பாத்தியா?"

"பாத்தேம்மா. நீலமெல்லாம் ஒண்ணுமில்ல. லிப்ஸ்டிக் கறை கொஞ்சம் ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்."

"நல்லாப் பாத்தியா?"

"அம்மா, என் வேலையே உதட்டப் பாக்கிறதுதான்."

போனை வைத்தேன். பொடிசு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். "கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேன். நீ போ, அவசரம் தேடும்" என்றாள். தண்ணீர் பாட்டிலை அவள் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இருபத்து மூன்று கேட்டு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

மூன்று மணிக்குத்தான் திரும்பிப் போனேன். பாட்டில் திறக்காமல் மடியிலேயே இருந்தது. அவள் தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. பொடிசு என்றேன். இன்னொரு முறை சொன்னேன். அதற்கப்புறம் நான் கத்தியது வாசல் வரை கேட்டதாம், எனக்கு நினைவில்லை. ஆம்புலன்ஸில் வந்த செவிலி, "உதடு ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டாள். "அது லிப்ஸ்டிக் கறை, துடைச்சும் போகல" என்றேன். அவ்வளவு தெளிவாகச் சொன்னேன்.

மாலை ஐந்தே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. மருத்துவர் வெளியே வந்து எங்களை உட்காரச் சொன்னார். நீலம் எப்போது தெரிந்தது என்று கேட்டார். தெரியவே இல்லை என்று அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். "சில பேருக்கு அறிகுறி வெளியே தெரியாமலேயே ஆயிடும்" என்றார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும், "நீலமே வரலைங்க. தினம் பாத்தேன், வரவே இல்ல" என்று சொல்லி அழுதாள். நானும் கூடவே தலையாட்டினேன். அந்தச் சொல் எங்கள் இருவரையும் தாங்கிக்கொண்டிருந்தது.

நாற்பது நாள் கழித்து வேலைக்குப் போனேன். யாரும் என்னை உதடு என்று கூப்பிடவில்லை. அவசரம் ஒரு உறையைக் கொண்டுவந்து மேசையில் மெதுவாக வைத்தார்.

"கம்பெனியில இருந்து பதில் வந்திருக்கும்மா. நீங்க எழுதினதுக்கு. இப்பப் பாக்க வேண்டாம்னா விடுங்க."

பார்த்தேன். இருபத்து மூன்றாம் எண்ணை எல்லாத் தோல் நிறங்களிலும் மறுபடி சோதித்ததாகவும், எதிலும் கறை பிடிக்கவில்லை என்றும், ஒரே துடைப்பில் முழுவதும் போய்விடுகிறது என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பொய்யர்கள். என் கண்ணால் பார்த்தேன். மாதிரிக் குச்சியை எடுத்துக் கண்ணாடி முன்னால் நின்று என் உதட்டில் அழுத்தி இரண்டு பூச்சுப் பூசினேன். காய விட்டேன். நிரூபித்துவிடுவது என்று பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.

ஒரே துடைப்பில் போய்விட்டது. கண்ணாடியில் என் பழுப்பு உதடு பளிச்சென்று இருந்தது, பொடிசுக்கும் எனக்கும் ஒரே மாதிரியான உதடு.

அப்படியானால் நான் அன்றைக்குத் துடைத்தது எதை?

நம்ம உதட்டுல நீலம் நீலமாத் தெரியாதும்மா. என் குரலிலேயே கேட்டது. மூன்றாவது பஞ்சு வெள்ளையாக வந்ததே, அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நீலம் அன்றைக்கே வந்துதான் இருந்தது. எங்கள் தோலுக்கு மேலே அது சாம்பலாக வந்து நின்றது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததை வீட்டுக்குள் கொண்டுபோகாமல், யாரோ ஒரு வெளுத்த முகத்தின் நீலத்துக்காக முப்பது நாள் காத்திருந்திருக்கிறேன். மருத்துவமனை வாசலிலிருந்து ஆறு நிறுத்தம் தள்ளியிருந்த சரக்கறையில் அவளை இரண்டரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு லிப்ஸ்டிக் விற்றிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னை வெறுப்பாள் என்பது மட்டும் இல்லை, அவளைத் தாங்கிக்கொண்டிருக்கிற அந்த ஒரு சொல்லையும் பிடுங்கிவிடுவேன் என்று பயம். ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். என்னை அப்படிப் பார்த்துப் பழக்கமில்லாத அம்மா, "கத்தவாவது கத்துடி" என்றாள்.

அடுத்த வாரம் பொடிசின் மருத்துவக் கோப்பை வாங்க இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். அம்மா கையெழுத்துப் போட உள்ளே போனாள். நான் நடைக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் அந்தத் தாளிலிருந்த அதே படம், ஆள் உயரத்துக்கு, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தது. அதே பால் முகம், அதே மை உதடு. அதற்குக் கீழே எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஏழு பேர் என் நிறம். ஒரு பெண்ணின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் படத்தைப் பார்ப்பாள், குழந்தையைப் பார்ப்பாள், மறுபடி படத்தைப் பார்ப்பாள். அம்மா ஜன்னலோரம் செய்தது அப்படியே அதுதான்.

என்னால் உட்கார முடியவில்லை. பையைத் திறந்தேன். வேலைக்குக் கொண்டுபோகிற பெட்டி உள்ளே இருந்தது. என் முகத்துக்குப் போடுகிற அடிப்பூச்சுக் குச்சியை எடுத்து, அந்த நெற்றியில் ஆரம்பித்து, கன்னம், மூக்கு, மோவாய் என்று தேய்த்தேன். பிளாஸ்டிக்கின் மேல் பூச்சு வழுக்காமல் நின்றது. உதட்டு நீலத்தின் மேல் பழுப்புப் பென்சிலைப் போட்டு மூடினேன். அதன் மேல் இருபத்து மூன்றை எடுத்து மெல்லிசாகப் பூசினேன். பெஞ்சில் இருந்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். யாரோ செவிலியைக் கூப்பிடுவது காதில் விழுந்தது, நான் கையை நிறுத்தவில்லை.

"ஏம்மா, என்ன பண்றீங்க? அது ஆஸ்பத்திரிப் படம், கிறுக்கக் கூடாது!"

"கிறுக்கல. எங்களுக்கு இப்படித்தான் வரும். நீலமா வராது, சாம்பலா வரும். அதை யாராவது சொல்லியிருக்கணும். நான் சொல்லியிருக்கணும்." குழந்தை வைத்திருந்த பெண் எழுந்து கிட்டே வந்து படத்தைப் பார்த்தாள்.

திரும்பினால், கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. சுவரிலிருந்த முகம் இப்போது எங்கள் வீட்டு முகம்.

"அன்னிக்கு நீ கறைன்னு சொன்னியே" என்றாள்.

"ஆமாம்மா. கறை இல்ல. இதுதான்." அடி விழும் என்று நினைத்தேன். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அம்மா அடிக்கவில்லை. படத்துக்குக் கிட்டே போய், தொழிற்சாலையில் துணியைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு கறுப்பு இல்ல" என்றாள் அம்மா. "இன்னும் ஒரு நூல் வெளுப்பு. வாயச் சுத்தியும் இருந்துச்சு."

"உனக்கு எப்படிம்மா தெரியும்? நீ வர்றப்ப அவளுக்கு மாஸ்க் போட்டிருந்தாங்களே."

"காலையில ஜன்னல்கிட்ட நிக்க வச்சுப் பாத்தேன்ல" என்றாள். அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்து மாதிரி இல்ல, இன்னிக்கு வேற நிறமா இருக்குன்னு தெரிஞ்சுது. நீலம் இல்லையேன்னு அனுப்பிட்டேன்."

நான் பெட்டியிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து, அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கொஞ்சம் துடைத்தேன்.

"இப்பச் சரியா?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அம்மா.